வேலியிலிருந்து சாலைக்குத் தொண்ணூற்றாறு காலடி

மோர்ன் லாபே கிராமத்தில் செஃபீஸ் லரோந்தின் வேலிக்கதவிலிருந்து தார்ச்சாலை வரை தொண்ணூற்றாறு காலடி. அது என் காலடிக் கணக்கு. லாரி ஓட்டும் நார்பர்ட் நெட்டையானவன், அவனுக்கு எண்பத்தைந்தில் முடிந்துவிடும். பாதை சரிவானது. மேலே சிவப்பு மண், கீழே சரளை, நடுவில் ஒரு ஈரப்பலா மரம். அந்தப் பாதையில் இறங்கிய யாரும், 1994 நவம்பர் வரை, ஒருமுறைகூடத் திரும்பிப் பார்த்ததில்லை. செஃபீஸிடம் மருந்து இலை வாங்கியவர் சாலையை மிதிக்கும் முன் திரும்பினால் விட்டுவந்த நோயும் கூடவே திரும்பிவிடும் என்பது எங்கள் டொமினிக்கா மலைக்கிராமங்களில் குழந்தைக்கும் தெரிந்த விஷயம்.

எனக்குத் தெரியாது. நான் ரோசோ நகரத்துப் பக்கம் வளர்ந்தவன். வேளாண்மைத் துறைக்காக மழை அளக்கும் வேலையில் 1961 பிப்ரவரி 6, திங்கட்கிழமை அந்த ஊருக்கு வந்து சேர்ந்தேன். மழைமானி நின்றது செஃபீஸின் வீட்டுக்கு நேர் கீழே, சாலைக்கு மறுபுறம் இருந்த திறந்த நிலத்தில். தினமும் காலை எட்டு மணிக்கு அளக்க வேண்டும். ஞாயிறு, கிறிஸ்துமஸ், கார்னிவல் எதற்கும் விடுப்பு கிடையாது. ஆகவே காலை எட்டு மணிக்கு அந்த வேலியருகே நடந்ததெல்லாம் முப்பத்தாறு வருடம் என் கண்ணில் பட்டது.

வந்த மூன்றாவது வாரம் எனக்கு வயிற்றில் வாய்வு பிடித்துக்கொண்டது. ரொட்டிக்கடை லியோனீஸ்தான் வழி சொன்னாள்.

"மேல போங்க. வேலிகிட்ட நின்னு கூப்பிடுங்க, உள்ள போயிடாதீங்க. எங்க நோவுதுன்னு மட்டும் சொல்லுங்க, ஊர்க்கதை பேசாதீங்க."

மற்றதை அவள் சொல்லவில்லை. தெரியாதவன் ஒருவன் இருப்பான் என்று அவளுக்குத் தோன்றியிருக்காது.

செஃபீஸுக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. ஒல்லியான உயரமான உருவம், தலையில் கட்டம் போட்ட துணி. வேலிக்கு அந்தப் பக்கம் நின்றே கேட்டார்.

"எங்க நோவுது?"

"வயிறு, மிஸ்."

"என்ன தின்னே?"

"லியோனீஸ் கடை ரொட்டி."

"அவ ரொட்டியா? அப்ப வயித்த மட்டும் சொல்றியே, பல்லு நல்லாத்தான் இருக்கா?"

சிரிக்காமல் சொல்லிவிட்டு ஆரஞ்சு மரத்தடிக்குப் போனார். மரத்துக்குக் காலை வணக்கம் சொன்னார். ஏழு இலை பறித்து வாழையிலைத் துண்டில் சுற்றி வேலிக்கு மேலாக நீட்டினார். நான் வாங்கிக்கொண்டு, எங்கள் பக்கத்து வழக்கப்படி, "ரொம்ப நன்றி, மிஸ்" என்றேன்.

பொட்டலத்தை என் கையிலிருந்து பிடுங்கிவிட்டார்.

"அய்யோ, கெடுத்துட்டியே! யாரு உன்னை வளர்த்தது? இலைக்குப் போய் நன்றி சொல்லுவாங்களா? சொன்ன வாயோட அதுல இருந்த சத்துப் போச்சு. இப்ப இது மாட்டுக்குக்கூட ஆகாது."

அதை வேலியடியில் வீசினார். மறுபடி பறிக்க வேண்டும், அதுவும் வேறு கிளையிலிருந்து. பறித்தார். பறிக்கும்போதே என்னிடம் பேசினார். எந்த ஊர், அம்மா இருக்கிறாளா, அவளுக்குக் கடிதம் போடுகிறாயா, இங்கிலாந்திலிருந்து ஒரு கடிதம் ரோசோவுக்கு வர எத்தனை நாள் ஆகும்.

"பன்னிரண்டு நாள் ஆகலாம், மிஸ்."

"அப்படியா. எனக்குக் கடைசியா ஒண்ணு வந்து ரெண்டு மாசமாகுது."

பிறகு பொட்டலத்தைக் கொடுத்தார். "இந்தத் தடவை வாயை மூடிக்கிட்டுப் போ. ரோடு வர்ற வரைக்கும் திரும்பாதே."

அப்படியே இறங்கினேன். கடிகாரம் பார்ப்பது என் பழக்கம். முதல் முறை ஏழு இலை பறிக்க இரண்டு நிமிடம் ஆனது. இரண்டாம் முறை அதே ஏழு இலைக்குப் பதினாறு நிமிடம். இரண்டையும் அன்றே எழுதி வைத்தேன். ஏன் அவ்வளவு வித்தியாசம் என்று அன்று நான் யோசிக்கவில்லை.

இலை கொடுப்பது அவர் தொழில் அல்ல. அதற்கு அவர் எதுவும் வாங்கியதில்லை, வாங்கவும் கூடாது. மாதா கோயிலின் பீடத்துணிகளையும் பாதிரியாரின் அங்கிகளையும் வெளுத்து, கஞ்சி போட்டு, கரி அடுப்பில் காயவைத்த இரும்பால் தேய்த்துக் கொடுப்பார். அதுதான் பிழைப்பு. இலை அவருடைய அம்மா ஒரெலியிடமிருந்து வந்தது. ஒரெலிக்கு இரண்டு பெண்கள், செஃபீஸும் இளையவள் அதேலியாவும். இருவருக்கும் எல்லா இலையும் தெரியும். இருவர் தெரிந்திருக்க வேண்டியதும் அவசியம். நோயாளி தனக்குத் தானே பறிக்கக் கூடாது. தன் கை பறித்தது தன் உடம்பில் வேலை செய்யாது. ஆகவே அக்காவுக்குக் காய்ச்சல் என்றால் தங்கை பறிப்பாள், தங்கைக்கு இருமல் என்றால் அக்கா பறிப்பாள்.

அதேலியா 1960 மார்ச்சில் இங்கிலாந்துக்குக் கப்பலேறினாள், ஒரு மருத்துவமனையில் தரை துடைக்கும் வேலைக்கு. இரண்டு வருடத்தில் வருவதாகப் பேச்சு. ஒரெலி அதற்கு முன்பே இறந்துபோயிருந்தார். அந்த மார்ச்சிலிருந்து, ஊரில் யாருக்கு உடம்புக்கு வந்தாலும் செஃபீஸ் பறித்தார். செஃபீஸுக்கு உடம்புக்கு வந்தால் பறிக்க ஆளில்லை.

இது எனக்குப் புரிந்தது 1966 ஜூலையில். பதினொரு நாள் அவர் வேலிக்கு வரவில்லை. வந்தவர்கள் கூப்பிட்டுப் பார்த்தார்கள். மலைமேல் சேம்புக் கொல்லைக்குப் போயிருப்பார் என்று சொல்லிக்கொண்டு இறங்கினார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். பன்னிரண்டாம் நாள் அவர் வெளியே வந்து நின்றபோது தோள் எலும்பு சட்டைக்கு மேலாகத் தெரிந்தது. நான் சாலையைக் கடந்து மேலே போனேன்.

"உடம்பு சரியில்லையா, மிஸ்?"

"இருந்துச்சு. போயிடுச்சு."

"மருந்து குடிச்சீங்களா? செடி நாலடியில இருக்கே."

"நாலடியில இருந்தா? என் கை பறிச்சா எனக்கு அது வெறும் இலை."

"யாரையாவது கூப்பிட்டிருக்கலாமே."

"யாரை? எல்லாருக்கும் வாங்கத் தெரியும், மழைக்காரா. பறிக்க எவனுக்குத் தெரியும்? வர்றவங்க நோவைச் சொல்றாங்க, முதுகைக் காட்டிட்டுப் போறாங்க. நல்லது, அப்படித்தான் போகணும்."

மழைக்காரன் என்பது ஊர் எனக்கு வைத்த பெயர். என் சொந்தப் பெயர் அங்கே யாருக்கும் தேவைப்படவில்லை.

அன்றிலிருந்து இலைகளை எழுதத் தொடங்கினேன். மழைப் பதிவேட்டில் கடைசிக் கட்டம் 'குறிப்பு'. இடி, மின்னல், மூடுபனி எழுதுவதற்கானது. இலை வாங்கி இறங்கி வருபவர்களிடம் சாலையில் நின்று கேட்பேன். என்ன நோவு, என்ன இலை, எத்தனை, எப்படிக் காய்ச்சச் சொன்னார்? இருமலுக்குக் கற்பூரவல்லி ஒன்பது. தூக்கம் வராதவருக்கு முள்சீத்தா ஐந்து. தலைவலிக்கு ரணகள்ளி இலையை அனலில் வாட்டி நெற்றியில் கட்டுவது. பள்ளிக்கூடம் திறக்கும் முன் பிள்ளைகளின் வயிற்றைக் கழுவச் சீமை நாயுருவி, கசப்புக்குப் பின் ஒரு துண்டு கரும்பு. எப்போதும் ஒற்றைப்படை. 1973இல் தலைமையலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி தணிக்கைக்கு வந்தார். "ஏப்ரல் நாலாந்தேதி 'முள்சீத்தா ஐந்து'ன்னு போட்டிருக்கீங்களே, அது என்ன மேகம்?" என்று கேட்டார். நான் விளக்கினேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "என் மனைவிக்கு ஆறு மாசமா தூக்கமில்லை, அஞ்சு இலைதானா?" என்றார்.

நார்பர்ட்டால்தான் அந்தக் கட்டம் அதிகம் நிறைந்தது. அவன் ஒவ்வொரு ஞாயிறு காலையும் வேலியில் தொங்குவான்.

"மா செஃபீஸ், நேத்து கல்யாண வீட்டுல ரம் கொஞ்சம் கூடிப்போச்சு."

"கொஞ்சமா? நீ மேல வர்றதுக்குள்ள உன் மூச்சுக்கே என் கோழி ரெண்டு தள்ளாடுது பாரு."

"ஏதாவது குடும்மா, தலை வெடிக்குது."

"வெடிக்கட்டும். உள்ள என்ன இருக்குன்னு நாங்களும் பாக்குறோம்."

கொடுப்பார். அவன் வாயை இறுக மூடிக்கொண்டு, படைவீரன்போல விறைப்பாகத் திரும்பி, எண்பத்தைந்து காலடியில் இறங்கிவிடுவான். பேச்சு அவ்வளவுதான். வருடத்தில் நூற்றுக்கணக்கானோர் அந்த வேலிக்கு வந்தார்கள். ஒருவரும் அவருடன் உட்கார்ந்ததில்லை. உட்காரும் வழக்கம் அங்கே இல்லை.

அதேலியாவின் கடிதங்கள் முதலில் மாதத்துக்கு ஒன்று வந்தன. பிறகு ஈஸ்டருக்கும் கிறிஸ்துமஸுக்கும். பிறகு கிறிஸ்துமஸ் அட்டை மட்டும். ஊர்த் தபால்பை லியோனீஸ் கடையில்தான் இறங்கும். கடைசி அட்டை 1971 டிசம்பர் 18இல் வந்தது. செத்துப்போனாளா, மறந்துபோனாளா என்று யாருக்கும் தெரியவில்லை. அதன் பிறகும் செஃபீஸ் டிசம்பர் மாதம் முழுக்கக் கடைக்கு வந்து உப்பு வாங்குவார். லியோனீஸ் பையைக் கொட்டிப் பிரிக்கும் வரை உப்பைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார்.

"இவ்வளவு உப்பு என்னத்துக்கு, மா? கடல் மொத்தத்தையுமா ஊறுகாய் போடப்போறீங்க?" என்று லியோனீஸ் ஒருமுறை கேட்டாள். பிறகு கேட்டதில்லை.

1979 ஆகஸ்ட் 29 புயலில் மழைமானியே பறந்துவிட்டது. என் பதிவேட்டில் காலியாக உள்ள மழைக்கட்டங்கள் அந்த வாரத்தவை மட்டும். செஃபீஸின் கூரை தப்பியது, தோட்டம் தப்பவில்லை. ஈரப்பலா சாய்ந்து கற்பூரவல்லிப் பாத்தியை நசுக்கியது. ஆரஞ்சு மரம் வேரோடு போயிற்று. பள்ளத்தாக்கு முழுக்க ஒரு பச்சை இலை இல்லை. ஆனால் அவரிடமிருந்து பல வருடங்களாகக் குச்சியும் கிழங்கும் வாங்கி நட்டவர்கள் ஊரெங்கும் இருந்தார்கள். எவரெவர் கொல்லையிலோ ஏதாவது துளிர்த்தது. அடுத்த மாதங்களில் ஒவ்வொருவராக ஒரு கன்று, ஒரு குச்சி, ஒரு கொடித்துண்டு கொண்டுபோய் வேலியடியில் வைத்துவிட்டு வந்தார்கள். கூப்பிடவில்லை. கூப்பிட்டால் அவர் நன்றி சொல்லிவிடும் ஆபத்து இருக்கிறதே. நானும் ஒரு எலுமிச்சைப்புல் தூரைக் கொண்டுபோய் வைத்தேன். நவம்பருக்குள் தோட்டம் நிறைந்துவிட்டது. யார் எதை வைத்தார்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்காது என்றே எல்லோரும் நினைத்தோம்.

ஈரப்பலா அடிமரத்திலிருந்து மறுபடி கிளைத்தது. வருடங்கள் போயின.

1994 நவம்பர் 10, வியாழக்கிழமை. செஃபீஸுக்கு எழுபத்தொரு வயது. காலையிலிருந்து பீடத்துணி தேய்த்துக்கொண்டிருந்தார். நாள் முழுக்க இரும்பு பிடித்த உடம்பு சூடாக இருக்கும். அன்று தண்ணீரில் கை வைக்கக் கூடாது, மழையில் இறங்கக் கூடாது. இறங்கினால் குளிர் எலும்புக்குள் புகுந்துகொள்ளும். மாலை நாலு மணிக்கு நார்பர்ட் ஓடிவந்தான். அவனுடைய சின்ன மகளுக்குக் காய்ச்சல் ஏறிக் கண் செருகுகிறது. கொட்டும் மழை, மறுநாள் காலை நான் அளந்தபோது 1.85 அங்குலம். வேலியிலிருந்து கத்தினான். செஃபீஸ் அடுப்பை விட்டு எழுந்து அப்படியே வெளியே வந்து, தலையில் துணிகூட இல்லாமல் பறித்துக் கொடுத்தார். அவன் வாங்கிக்கொண்டு, முறைப்படி, நன்றி சொல்லாமல், திரும்பிப் பார்க்காமல் ஓடினான்.

பிறகு என்னிடம் சொன்னான். "கை சூட்டுல இருந்தாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும், மழைக்காரரே? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் பக்கத்து ஊருக்கு லாரிய எடுத்துக்கிட்டுப் போயிருப்பேன். திரும்பி ஒரு தடவை பார்த்திருந்தாகூடத் தெரிஞ்சிருக்கும், கதவுல புகை அடிச்சுக்கிட்டு இருந்துச்சாம். ஆனா திரும்பவா முடியும்?"

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு அவர் அடுக்களையில் புகை இல்லை. சனிக்கிழமையும் இல்லை. லியோனீஸ் முழங்கால் வலிக்கு இலை கேட்கப் போய், கூப்பிட்டுப் பார்த்துவிட்டு இறங்கினாள். "சேம்புக் கொல்லைக்குப் போயிருப்பாங்க" என்றாள். ஞாயிறும் புகை இல்லை. மூன்று நாளும் குறிப்புக் கட்டத்தில் 'புகை இல்லை' என்று எழுதியிருந்தேன். மூன்றாவது முறை எழுதியபோது 1966இன் பதினொரு நாட்கள் நினைவுக்கு வந்தன. அளவைக் குவளையை நிலத்திலேயே வைத்துவிட்டு மேலே போனேன். வேலிக்கதவைத் திறந்தேன். முப்பத்து மூன்று வருடத்தில் அதுதான் முதல் தடவை, கீல் எந்தப் பக்கம் என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

ஒற்றை அறை. கட்டிலில் இரண்டு போர்வைக்குள் கிடந்தார். உதடு வெடித்திருந்தது.

"யாரு? மழைக்காரனா? எங்க நோவுது உனக்கு?"

"எனக்கு ஒண்ணும் நோவல, மா. உங்களுக்கு எங்க?"

அவர் கூரையைப் பார்த்தார். "இப்படி யாரும் கேட்டு..." என்று ஆரம்பித்து, "குளிர். எலும்புல புகுந்துருச்சு. இடது விலாவுல குத்துது" என்றார்.

"பே மரத்து வாசனை இலை அஞ்சு, எலுமிச்சைப்புல் மூணு தாள், இடிச்ச இஞ்சி. பாதியா சுண்டணும். சரியா?"

தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். "யாரு சொன்னா உனக்கு?"

"நீங்கதான். 1968 பிப்ரவரி, லியோனீஸோட அப்பாவுக்கு. 1982 டிசம்பர், பாதிரியாருக்கு."

"அடப்பாவி. மழையை அளக்குறான்னு நினைச்சா என்னையில்ல அளந்திருக்கான்."

தோட்டத்தில் இறங்கினேன். படுத்த இடத்திலிருந்தே குரல் கொடுத்தார். "வணக்கம் சொல்லிட்டுப் பறி! வெயில் பட்ட இலை வேணாம்! எலுமிச்சைப்புல் எதுலேருந்து எடுக்குறே?"

"கதவோரம் இருக்கறதுல."

"அது நீ வெச்சது. புயல் வருஷம், செப்டம்பர் மாசம், சாயங்காலம். இடது கையால வெச்சே, வலது கையில கட்டு போட்டிருந்தே. வெச்சுட்டு ரெண்டு தடவை மண்ணை மிதிச்சே. பக்கத்துல கற்பூரவல்லி நார்பர்ட்டோட அப்பன் வெச்சது. ரணகள்ளி லியோனீஸ். அவ அழுதுக்கிட்டே இறங்குனா, அந்தப் புயல்லதான் அவ வீடு போச்சு."

எல்லாம் சரி. என் வலது கட்டைவிரல் புயலில் நசுங்கியிருந்தது. ஆனால் அன்று நான் வந்தபோது வேலியருகே யாரும் இல்லை, கதவும் சாத்தியிருந்தது. எப்படிப் பார்த்தார் என்று கேட்கவில்லை. அடுப்பு மூட்டி, சட்டியை ஏற்றிவிட்டு நிமிர்ந்தபோது விடை தெரிந்தது. சாலையைப் பார்த்த சிறிய ஜன்னல். அதன் பலகைக்கு நீலச் சாயம் அடித்திருந்தது. சாயம் இரண்டு இடத்தில் மட்டும் தேய்ந்து மரம் தெரிந்தது. இரண்டு தேய்வுக்கும் நடுவே பதினான்கு அங்குலம், நான் சாண் போட்டுப் பார்த்தேன். முழங்கை இரண்டையும் ஊன்றி நிற்பவரின் அளவு. அங்கே குனிந்து பார்த்தால் வேலிக்கதவு முதல் தார்ச்சாலை வரை பாதை முழுவதும் தெரிந்தது. இலை கொடுத்தபின் அவர் உள்ளே போய்விடுவார் என்றுதான் ஊரில் எல்லோரும் நினைத்திருந்தோம். இறங்குபவர் யாரும் திரும்பிப் பார்க்காததால் வேறு மாதிரி நினைக்க வழியில்லை.

சுண்டியதை வடிகட்டிக் கொடுத்தேன். ஆணியில் இரண்டு எனாமல் கோப்பைகள் தொங்கின. ஒன்று கறுத்துப் பழகியது, மற்றது தூசி படிந்தது. பழகியதில் ஊற்றினேன். ஊதி ஊதி முழுவதும் குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டார். உதடு அசைந்தது, ஒரு சொல் வந்து நின்றது தெரிந்தது. அடக்கிக்கொண்டு கையை மட்டும் காட்டினார், போ என்று.

நான் இறங்கினேன். முறை எனக்கும் தெரியும். ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே நடந்தேன். ஈரப்பலா அறுபதாவது காலடி. அங்கே நின்றேன். பதினாறு நிமிடம் பறித்த ஏழு ஆரஞ்சு இலை ஞாபகம் வந்தது. திரும்பினேன்.

ஜன்னலில் இருந்தார். போர்வையோடு, இரண்டு முழங்கையும் பலகையில். என் முகம் அவர் பக்கம் திரும்பியதும் திடுக்கிட்டுப் பின்வாங்கி, மறுபடி முன்னால் வந்தார். எத்தனை நேரம் அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தோம் என்பதை மட்டும் நான் அன்று குறிக்கவில்லை.

பிறகு கத்தினார். காய்ச்சல்காரரின் குரல் அல்ல அது.

"கெடுத்துட்டியேடா! முப்பது வருஷம் பாத்தும் புத்தி வரலியா? குடிச்சதெல்லாம் வீணாப்போச்சு! வா மேல! மறுபடி முதல்லேருந்து பறி!"

போனேன். பறித்தேன், வேறு கிளையிலிருந்து. மறுபடி சுண்டும் வரை அரை மணி ஆகும். "சும்மா உக்காராதே. அந்த இன்னொரு கோப்பையை எடு. நல்லா அலம்பு, முப்பத்துநாலு வருஷத் தூசி. மருந்து எனக்கு, உனக்கு அந்த டப்பாவுல கோகோ இருக்கு" என்றார். ஜாதிக்காய் துருவிப் போட்ட கோகோ. அதேலியாவின் கோப்பையில் குடித்தேன். அவர் அதேலியாவைப் பற்றிப் பேசினார், அவள் தூக்கத்தில் எண்ணுவாள் என்றும், நூறுக்கு மேல் போனதே இல்லை என்றும்.

அன்றிலிருந்து ஒன்பது நாள் காலை போனேன். ஒன்பது நாளும் அறுபதாவது காலடியில் திரும்பினேன். ஒன்பது நாளும் திட்டு வாங்கினேன். ஒரு நாள் முட்டாள், ஒரு நாள் நகரத்துக் கழுதை, ஒரு நாள் என் அம்மாவையும் சேர்த்து. ஒன்பது நாளும் இரண்டு முறை பறித்தேன். நார்பர்ட்டுக்குச் செய்தி எட்டியபோது அவன் ஒரு சுமை விறகைக் கொண்டுவந்து வேலியடியில் போட்டுவிட்டு, வாயைத் திறக்காமல் விறைப்பாக இறங்கினான். செஃபீஸ் ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டுச் சொன்னார். "பாரு, எவ்வளவு ஒழுங்கா போறான். நல்ல பையன். இவனை மாதிரி ஆளுங்களாலதான் மருந்து வேலை செய்யுது."

பத்தாம் நாள் அவரே எழுந்து வேலிக்கு வந்து லியோனீஸின் முழங்காலுக்கு இலை கொடுத்தார். லியோனீஸ் வாங்கிக்கொண்டு இறங்கினாள். நான் மழைமானியருகே நின்று அண்ணாந்து பார்த்தேன். ஜன்னலில் அவர் இருந்தார். லியோனீஸின் முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தபோது, உள்ளே போகாமல், ஒரு விரலை உதட்டில் வைத்தார். நான் யாரிடமும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு நான் அந்த வீட்டுக்குள் போகவில்லை. போகக் காரணம் இல்லை, அவருக்கு மறுபடி உடம்புக்கு வரவில்லை. எனக்கு மட்டும் வருடத்தில் நாலைந்து தடவை ஏதாவது நோவு வந்தது. மூன்றரை வருடத்தில் பதினாறு தடவை வேலிக்குப் போயிருக்கிறேன். வாங்கும்போது வேண்டுமென்றே, "ரொம்ப நன்றி, மா" என்பேன். பிடுங்கி வீசுவார், திட்டுவார், மறுபடி பறிக்கப் போவார். நேரம் பன்னிரண்டு நிமிடத்துக்குக் குறைந்ததில்லை. ஒருமுறை இருபத்திரண்டு.

1998 மார்ச் 22, ஞாயிறு அதிகாலை, தூக்கத்திலேயே போனார். நான் முந்தைய வருடமே ஓய்வு பெற்றிருந்தேன். மழைமானியை வேறொருவர் பார்த்துக்கொண்டார், புகையைப் பார்ப்பது அவர் வேலை அல்ல. லியோனீஸ்தான் வந்து சொன்னாள். செவ்வாய்க்கிழமை மாலை அடக்கம். மோர்ன் லாபே முழுவதும் வந்தது, பக்கத்துக் கிராமங்களிலிருந்து மூன்று லாரி. அவர் கை பட்ட இலையைக் குடிக்காதவர் அங்கே யாரும் இல்லை. நார்பர்ட் மண் தள்ளினான். அவனுடைய மகள், இப்போது நெட்டையாக வளர்ந்தவள், கதம்பமாக ஏதோ பூ வைத்தாள்.

கல்லறையிலிருந்து திரும்புகிறவர்களும் எங்கள் ஊரில் திரும்பிப் பார்ப்பதில்லை. எல்லோரும் வாயை மூடிக்கொண்டு, ஒருவர் பின் ஒருவராக, ஒழுங்காக இறங்கினார்கள். நானும் இறங்கினேன். கல்லறைத் தோட்டத்து வாசல் வரை நூற்றுப் பன்னிரண்டு காலடி. அறுபதாவதில் நின்று திரும்பினேன்.

யாரும் திட்டவில்லை.